மூன்று வில்லைகளின் சாட்சியம்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவரின் மார்புப் பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது, திரை கிடையாது, ஆபத்து வந்தால் ஒலிக்கும் மணியும் கிடையாது. உறையைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டி அளவில் ஓர் அலுமினியத் தகடு. தகட்டில் மூன்று வட்டத் துளைகள், துளைக்கு ஒன்றாக மூன்று வெள்ளை வில்லைகள். மூன்று மாதம் அது அவருடனேயே வேலைக்கு வந்து போகும். பிறகு ஆய்வகத்துக்குப் போய், சூடேற்றப்பட்டு, ஒருமுறை ஒளிர்ந்து, அவர் பெயருக்கு நேரே ஓர் எண்ணாகப் பதிவேட்டில் ஏறும். ஊழியர்கள் 'டி.எல்.டி. பேட்ஜ்' என்று அழைக்கும் இந்த வெப்ப ஒளிர்வு அளவி இந்தியாவில் 1975 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்த இடத்தில் போட்டோ ஃபிலிம் இருந்தது.

மூன்று வில்லைகளும் ஒரே பொருளால் ஆனவை; கனமும் அகலமும்கூட ஒன்றே. பிறகு ஏன் மூன்று? ஒன்று பழுதானால் இன்னொன்று உதவட்டும் என்ற முன்னெச்சரிக்கையாகத் தோன்றலாம். காரணம் வேறு. மனிதர் வேலை செய்யும் இடத்தில் கதிர்வீச்சு ஒரே வகையாக வருவது அபூர்வம். காமாவும் பீட்டாவும் சேர்ந்து வரும். வலுத்த காமாவுடன் மெலிந்த எக்ஸ் கதிர் வரும். அணு உலைக்கு அருகே இவற்றோடு நியூட்ரானும் வரும். படிகம் இவை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரே ஒளியாகத்தான் திருப்பித் தருகிறது. அந்த ஒளியிலிருந்து எந்தக் கதிர் எவ்வளவு என்று பிரித்தெடுப்பது துப்பறியும் வேலை. அதற்கு ஒரு சாட்சி போதாது.

படிகம் என்பது அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட ஒரு கட்டடம். அதில் வேற்றணுக்களைத் துளியளவு கலந்தால் அங்கங்கே குறைகள் உண்டாகும். இந்திய வில்லையில் கால்சியம் சல்பேட்டுடன் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமம் கலக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தூளை டெஃப்லானுடன் சேர்த்து 0.8 மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்தி வில்லையாக்கியிருக்கிறார்கள். கதிர்வீச்சு உள்ளே நுழைந்ததும் எலக்ட்ரான்களை அவற்றின் இருப்பிடத்திலிருந்து பெயர்த்துவிடுகிறது. பெரும்பாலானவை கணநேரத்தில் திரும்பிவிடும். சில மட்டும் அந்தக் குறைகளில், எலிப்பொறியில் சிக்கியதுபோல் மாட்டிக்கொள்ளும். அறைச் சூட்டில் அவற்றுக்குத் தப்பிக்க வலுவில்லை. மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். ஆய்வகத்தில் சுமார் 285 டிகிரி வரை சூடான நைட்ரஜன் வாயுவை வில்லைமேல் பாய்ச்சும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டுத் தம் இடத்துக்கு இறங்குகின்றன. இறங்கும்போது விடும் ஆற்றல் டிஸ்ப்ரோசியம் வழியாக நீலமும் மஞ்சளும் கலந்த மெல்லிய ஒளியாக வெளிப்படுகிறது. மிக நுண்ணிய ஒளியையும் எண்ணவல்ல ஒளிபெருக்கிக் குழாய் அதை எண்ணுகிறது.

சூடாக்கினால் கல் ஒளிரும் என்பது பழைய செய்தி. ராபர்ட் பாயில் 1663-இல் ஒரு வைரத்தைப் படுக்கைக்கு எடுத்துச் சென்று, தன் உடம்புச் சூட்டில் அது மினுங்குவதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டியில் சொன்னார். மேரி கியூரி தன் முனைவர் ஆய்வேட்டில் இன்னொரு படி மேலே போனார். சூடாக்கியதால் ஒளிரும் திறனை இழந்துவிட்ட ஃபுளோரைட் கல்லை ரேடியத்துக்கு அருகில் வைத்தால் அத்திறன் திரும்பி வருவதை அவர் குறித்துவைத்தார். ஒளிரும் கல்லுக்கும் கதிர்வீச்சுக்கும் இருந்த முடிச்சு அதில் தெரிந்துவிட்டது. 1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் குழுவினர் லித்தியம் புளோரைடு படிகத்தை அளவுகருவியாக்க முயன்றார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஜான் கேமரன் அதைத் தொடர்ந்தார். 1960-களில் அது கடைச்சரக்கானது. இந்தியா எடுத்துக்கொண்ட டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டோ ஜப்பானிய ஆய்வாளர்கள் மெருகேற்றிய பொருள். லித்தியம் புளோரைடைவிட அது பல மடங்கு பிரகாசமாக ஒளிரும். உள்நாட்டில் மலிவாகச் செய்யவும் முடியும்.

பிரகாசத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

எக்ஸ் கதிரும் காமாவும் ஒரு பொருளில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது அப்பொருளின் அணுக்கள் எவ்வளவு கனமானவை என்பதைப் பொறுத்தது. உடலின் தசையை ஒரே அணுவாகப் பாவித்தால் அதன் அணு எண் ஏறத்தாழ 7.4, கால்சியம் சல்பேட்டுக்கு ஏறத்தாழ 15. கோபால்ட்-60 விடும் வலுத்த காமாவுக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. தசையும் படிகமும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் ஆற்றலை வாங்கும். ஆனால் மெலிந்த எக்ஸ் கதிரில் ஒளிமின் விளைவு ஆதிக்கம் செலுத்துகிறது. அது அணு எண்ணின் மும்மடிக்கும் மேலான வேகத்தில் கூடும். எண் இரட்டிப்பானால் விளைவு எட்டு மடங்கைத் தாண்டும். அதனால் 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவிலான எக்ஸ் கதிரை இந்த வில்லை, கோபால்ட் காமாவோடு ஒப்பிட்டால் சுமார் பத்து மடங்கு மிகையாகக் காட்டுகிறது. எக்ஸ்ரே அறையில் உள்ளவருக்கும் கோபால்ட் கருவியருகே நிற்பவருக்கும் வில்லை ஒரே ஒளியைத் தரலாம். உடல் வாங்கிய அளவோ ஒருவருக்கு மற்றவரைவிடப் பத்தில் ஒரு பங்காக இருக்கும்.

லித்தியம் புளோரைடுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்றே சொல்லலாம். அதன் அணு எண் 8-ஐ ஒட்டி, தசைக்கு நெருக்கமாக இருக்கிறது. கால்சியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதன் குறையையே கருவியாக்கிக்கொண்டார்கள். இந்தப் பேட்ஜில் பாராட்டத்தக்க இடம் இதுதான். முதல் வில்லைக்கு மேலே செம்பும் அலுமினியமும் சேர்ந்த உலோகத் தகடு. இரண்டாவதற்கு மேலே வெறும் பிளாஸ்டிக். மூன்றாவது திறந்த சாளரம். வலுத்த காமா வந்தால் மூன்றும் ஏறக்குறைய சமமாக ஒளிரும். உலோகத்தை அது பொருட்படுத்தாது. மெலிந்த எக்ஸ் கதிர் வந்தால் உலோகத்தின் கீழே உள்ளது மங்கும், மற்ற இரண்டும் பளிச்சிடும். பீட்டா வந்தால் திறந்த சாளரம் மட்டும் ஓங்கி நிற்கும், பிளாஸ்டிக்கின் கீழ் உள்ளது தளரும், உலோகத்தின் கீழ் ஏறக்குறைய ஒன்றுமிராது. ஆக, வில்லைகளின் விகிதமே வந்த கதிரின் முகவரியைச் சொல்லிவிடுகிறது. முகவரி தெரிந்தால் பத்து மடங்கு மிகையை வகுத்துத் திருத்திவிடலாம்.

ஒரு வகைக் கதிர் மட்டும் வரும்வரை இது அழகாக வேலை செய்கிறது. கலப்படமாக வந்தால்?

இரண்டாம் வில்லை முதல் வில்லையைவிட மூன்று மடங்கு ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் தனியாக வந்திருந்தாலும் இந்த விகிதம் கிடைக்கும். மிக மெலிந்த எக்ஸ் கதிர் கொஞ்சமும் வலுத்த காமா நிறையவும் கலந்து வந்திருந்தாலும் இதே விகிதம் கிடைக்கலாம். இரண்டு கதைகளுக்கும் உடல் வாங்கிய அளவு ஒன்றல்ல. இதேபோலப் பத்துப் பதினைந்து கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரைப் பிளாஸ்டிக்கே ஓரளவு தடுத்துவிடும். அப்போது திறந்த சாளரம் மேலோங்கி, பீட்டா வந்ததுபோல் வேடம் போடும். மூன்று வாக்குமூலங்களை வைத்துக்கொண்டு நான்கு சந்தேக நபர்களைப் பிரிக்க வேண்டிய நிலை இது. கணினியில் ஓடும் கணக்கீட்டு முறை ஒரு முடிவுக்கு வருகிறது என்றால், அந்த ஊழியர் எங்கே வேலை பார்க்கிறார், அங்கே என்னென்ன கதிர் மூலங்கள் இருக்கின்றன என்ற முன்னறிவு அதற்குப் பின்னால் இருக்கிறது. பேட்ஜோடு நிறுவனத்தின் விவரமும் ஆய்வகத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டியதன் அவசியம் இங்கேதான்.

பழைய ஃபிலிமுக்கு இருந்த ஒரு திறமையை இந்தப் படிகம் இழந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபிலிமில் வடிகட்டித் தகட்டின் நிழல் விழும். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் பேட்ஜ் அசையாமல் ஓரிடத்தில் கிடந்து ஒரே திசையிலிருந்து கதிர் வாங்கியிருக்கிறது, அதாவது யாரோ அதை எக்ஸ்ரே அறையிலேயே மறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மனிதர் அணிந்து நடமாடியிருந்தால் நிழல் கலங்கியிருக்கும். வில்லை உருவம் காட்டாது, மொத்தத்தைத்தான் சொல்லும். இன்னொன்று: ஃபிலிமைப் பத்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். வில்லையைச் சூடாக்கிப் படித்துவிட்டால் அதன் நினைவு அநேகமாக அழிந்துபோகும். வாக்குமூலம் ஒருமுறைதான்.

பீட்டாவில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்ட்ரான்ஷியம்-90 உடன் சேர்ந்திருக்கும் இட்ரியம்-90 விடும் பீட்டா தசையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை ஊடுருவும். வில்லை முழுவதும் அதை உணரும். புரோமீத்தியம்-147 விடும் மெலிந்த பீட்டாவோ 0.8 மில்லிமீட்டர் வில்லையின் மேற்பரப்புக்குக் கீழே சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். வில்லையின் மேல்தோல் மட்டும் வாங்கியதை முழு வில்லைக்கும் பங்கிட்டால் அளவு குறைந்து தெரியும். ஆனால் மனிதத் தோலில் உயிருள்ள அடுக்கு தொடங்குவது 0.07 மில்லிமீட்டர் ஆழத்தில். அந்த மெலிந்த பீட்டா போய்ச் சேர்வது சரியாக அங்கேதான். இந்த அளவியின் வரலாறு நெடுக ஒரு தொல்லை தொடர்ந்து வருகிறது: படிகம் எதைப் பெரிதாகக் காட்டுகிறதோ அது உடலுக்குச் சிறிதாக இருக்கிறது, படிகம் எதைக் காட்டாமல் விடுகிறதோ அது உடலைப் பாதிக்கிறது.

இந்த முரண் உச்சத்துக்குப் போவது நியூட்ரானில்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. எலக்ட்ரான்களை அது நேரடியாகப் பெயர்க்காது. அணுக்கருவில் மோதினால்தான் உண்டு. அந்த மோதலைப் படிகத்துக்குள் வரவழைக்க லித்தியம் உதவுகிறது. இயற்கை லித்தியத்தில் சுமார் 7.5 சதவீதம் லித்தியம்-6, மீதி லித்தியம்-7. வேகம் தணிந்த நியூட்ரானைப் பிடித்துக்கொள்வதில் லித்தியம்-6 தன் உடன்பிறப்பைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆவல் மிக்கது. பிடித்ததும் அது ஓர் ஆல்ஃபா துகளாகவும் ஒரு டிரிட்டியம் கருவாகவும் பிளந்து 4.78 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைப் படிகத்துக்குள்ளேயே கொட்டுகிறது. எனவே லித்தியம்-6 செறிந்த வில்லையையும், ஏறக்குறைய முழுக்க லித்தியம்-7 ஆன வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் காமாவை ஒரே மாதிரி உணரும். நியூட்ரானை ஒன்று மட்டும் உணரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது நியூட்ரான். டி.எல்.டி.-600, டி.எல்.டி.-700 என்ற வணிகப் பெயர்களில் இந்த இரட்டையர் உலகெங்கும் வேலை செய்கிறார்கள்.

கழித்தல் எளிய கணக்கு. எளிய கணக்குத்தான் ஏமாற்றும். ஓர் எடுத்துக்காட்டாக, காமா நிறைந்த இடத்தில் ஒரு வில்லை 105 என்றும் மற்றது 100 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாசிப்பிலும் 3 கூடவோ குறையவோ இருக்கும் என்றால், வித்தியாசமாகிய 5-இல் நிச்சயமின்மை 4-ஐத் தாண்டிவிடும். நியூட்ரான் வந்ததா, வரவேயில்லையா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. வலுத்த காமாவின் இரைச்சலுக்குள் நியூட்ரானின் முணுமுணுப்பு அமிழ்ந்துபோகிறது. ஆனால் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில், ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான நியூட்ரானுக்கு அதே ஆற்றலை உடலில் விடும் காமாவைவிட ஏறத்தாழ 20 மடங்கு எடை தரப்பட்டிருக்கிறது. முணுமுணுப்பைத் தவறவிட முடியாது.

லித்தியம்-6 வேகமான நியூட்ரானை அநேகமாகக் கண்டுகொள்ளாது என்பது அடுத்த தடை. இங்கே ஓர் அழகான உத்தி கைகொடுத்தது: அணிபவரின் உடலையே கருவியின் பாகமாக்கிக்கொண்டார்கள். உடலில் ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது. உள்ளே நுழையும் நியூட்ரான் அதில் மோதி மோதி வேகம் இழந்து, ஒரு பகுதி மார்பு வழியாகவே வெளியே எதிரொலிக்கிறது. வெளியிலிருந்து நேரே வரும் மெதுவான நியூட்ரானைக் காட்மியம் தகடு தடுத்துவிட, உடலிலிருந்து திரும்பி வருவதை மட்டும் வில்லை பிடிக்கிறது. ஆல்பிடோ அளவி என்று இதற்குப் பெயர். பேட்ஜ் உடலோடு ஒட்டியிராமல் கழுத்துக் கயிற்றில் ஊசலாடினால் அளவு குறைந்துவிடும் என்பதால், அதை இடுப்புப் பட்டையால் இறுக்கி அணிவிக்கும் வழக்கமும் உண்டு.

உடலின் எதிரொலியும் நியூட்ரானின் ஆற்றலைப் பொறுத்து ஏறி இறங்கும். சுமார் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அது விறுவிறுவென்று சரிகிறது. அதனால் ஒரே ஆல்பிடோ அளவி, ஒரே அணு நிலையத்தின் இரண்டு அறைகளில், ஒரே அளவு நியூட்ரான் டோஸுக்குப் பத்து மடங்குக்கும் மேல் மாறுபட்ட ஒளியைத் தரக்கூடும். கனமான கான்கிரீட் சுவரைத் தாண்டி வந்த நியூட்ரான் களைத்திருக்கும். புளூட்டோனியம் கையாளும் கையுறைப் பெட்டியருகே வருவது அப்போதுதான் பிறந்த துடிப்போடு இருக்கும். பேட்ஜை வாசிப்பதற்கு முன் அந்தந்த அறையின் நியூட்ரான் நிறமாலையை வேறொரு கருவியால் அளந்துவைக்க வேண்டும். வெவ்வேறு பருமனுள்ள பாலித்தீன் உருண்டைகளின் நடுவே உணரியை வைத்து அளக்கும் பானர் கோளங்கள், 1960-இல் அறிமுகமானவை, இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. சிறிய உருண்டை மெதுவான நியூட்ரானையும் பெரியது வேகமானதையும் நன்றாகப் பிடிக்கும். அந்த அறைக்கென்று கிடைக்கும் திருத்த எண்ணை வைத்துத்தான் ஊழியரின் ஒளி டோஸாகிறது. அதே ஊழியர் அடுத்த அறைக்குப் போய் வேலை பார்த்திருந்தால் அந்தத் திருத்தம் பொருந்தாது.

இந்தியாவில் வேகமான நியூட்ரானுக்கு வேறு வழி எடுத்திருக்கிறார்கள். சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக், மூக்குக் கண்ணாடிக்கும் பயன்படுவது, நியூட்ரான் தட்டிவிட்ட புரோட்டான் போன வழியைத் தன்னுள் தழும்பாக வைத்துக்கொள்ளும். காரக் கரைசலில் ஊறவைத்தால் தழும்பு குழியாகும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். காமாவும் பீட்டாவும் அதில் தழும்பு விடுவதில்லை. காமாவுக்குப் படிகம், நியூட்ரானுக்குப் பிளாஸ்டிக் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும் இந்த ஏற்பாடு, கழித்தலைவிட நம்பகமானது.

ஆல்ஃபா, டிரிட்டியம், புரோட்டான், இரும்புக் கரு போன்ற கனத்த துகள்கள் படிகத்துக்குள் நடந்துகொள்ளும் விதம் தனியாகப் பார்க்க வேண்டியது. காமா, படிகம் முழுவதும் பரவலாக எலக்ட்ரான்களைத் தூவும். கனத்த துகளோ, சில நானோமீட்டர் அகலமுள்ள பாதையில் அத்தனை ஆற்றலையும் அடைத்துவிட்டுப் போகும். ஐப்பசி மழையில் முற்றம் நிறைய நூறு குடங்களை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். தூறல் விழுந்தால் எல்லாக் குடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். ஒரு சொட்டும் வீணாகாது. அதே அளவு தண்ணீரைத் தீயணைப்பு வண்டிக் குழாயால் ஒரே கோட்டில் பீய்ச்சினால், வழியில் உள்ள நாலைந்து குடங்கள் நிரம்பி வழியும். மீதி மண்ணில் போகும். பிறகு வந்து குடத்து நீரை அளப்பவருக்கு இரண்டாம் முறை குறைவாகவே பெய்ததாகத் தோன்றும். படிகத்தின் பொறிகளும் அந்தக் குடங்கள்தான். கனத்த துகளின் பாதையில் பொறிகள் நிரம்பியதும் எஞ்சிய ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகத் தொலைகிறது. லித்தியம் புளோரைடில் இரும்புக் கரு விட்டுச் செல்லும் ஆற்றல், அதே ஆற்றலைக் காமா விட்டிருந்தால் கிடைக்கும் ஒளியில் பாதிக்கும் குறைவாகக்கூடத் தரலாம்.

செல்லுக்குள் இதே அடர்த்தி நேர்மாறாக வேலை செய்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டை இழை இரண்டு நானோமீட்டர் அகலம். தூறலாக வரும் காமா ஓரிழையை வெட்டினால் மறு இழையைப் பார்த்துச் செல் அதைச் சரிசெய்துவிடும். கனத்த துகளின் அடர்ந்த பாதையோ இரண்டு இழைகளையும் அருகருகே பல இடங்களில் வெட்டிவிடும். பழுது பார்ப்பது கடினம், தவறாக ஒட்டப்படும் வாய்ப்பு அதிகம். எந்த அடர்த்தி படிகத்தின் ஒளியைக் குறைக்கிறதோ அதே அடர்த்தி உடலின் காயத்தைக் கூட்டுகிறது. கலப்புக் கதிர்வீச்சில் வெப்ப ஒளிர்வு அளவியை நம்பும் எவரும் தாண்ட வேண்டிய ஆழமான பள்ளம் இது.

ஒளி முழு ஊமை இல்லை என்பது ஓர் ஆறுதல். சூட்டைப் படிப்படியாக ஏற்றி, ஒளி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று வரைந்தால் மலைமுகடுகள் போன்ற வளைவு கிடைக்கும். லித்தியம் புளோரைடில் முதன்மையான முகடு 200 டிகிரியைத் தாண்டியதும் வரும். அடர்ந்த பாதை போடும் துகள்கள், அதற்கும் மேலே 250 டிகிரிக்கு அப்பால் உள்ள முகடுகளை ஒப்பீட்டளவில் தூக்கிக் காட்டுகின்றன. சாதாரணமாக நிரம்பாத ஆழமான பொறிகள் நெரிசலில் நிரம்புவதே காரணம். வியன்னா ஆய்வாளர்கள் இந்த உயர்சூட்டு முகடுகளின் விகிதத்தை வைத்து, வந்த கதிர் எவ்வளவு அடர்த்தியானது என்று கணிக்கும் முறையை வளர்த்து விண்வெளி நிலையங்களில் பயன்படுத்தினார்கள். ஆனால் இதுவும் கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோலத்தான். காமாவே மிகுதியாக விழுந்தாலும் அந்த முகடு எழும். வில்லை முன்பு எப்படிச் சூடாக்கிக் குளிர்விக்கப்பட்டது என்பதும் முகட்டின் உயரத்தை மாற்றிவிடும்.

விண்வெளி, கலப்புக் கதிர்வீச்சின் முழுச் சந்தை. புரோட்டான், ஹீலியம், இரும்புவரை கனத்த கருக்கள், கலத்தின் சுவரில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. 1980-இல் ஹங்கேரிய விண்வெளி வீரர் பெர்தலான் ஃபர்காஷ், சல்யூத்-6 நிலையத்துக்கு 'பில்லே' என்ற சிறு வெப்ப ஒளிர்வுக் கருவியைக் கொண்டுசென்றார். வில்லையை பூமிக்குக் கொண்டுவராமல் அங்கேயே சூடாக்கிப் படிக்க முடிந்தது அதன் புதுமை. 1984-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் சாலி ரைட் அதைப் பயன்படுத்தினார். அதன் கண்ணாடிக் குமிழுக்குள் இருப்பதும் நம் ஊர் பேட்ஜில் உள்ள அதே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்தான். இருந்தாலும் கனத்த கருக்களைப் பொறுத்தவரை படிகத்தின் சொல்லை மட்டும் கேட்பதில்லை. அடர்த்தி குறைந்த பாதைகளுக்குப் படிகம், அடர்ந்த பாதைகளுக்கு சி.ஆர்.-39 என்று இரண்டையும் சேர்த்தே டோஸ் கணக்கிடப்படுகிறது. இரண்டும் ஒன்றன்மீது ஒன்று ஏறும் பகுதியை இருமுறை எண்ணிவிடாமல் திருத்துவது தனி வேலை. அந்தத் திருத்தத்துக்காகவே ஜப்பானின் சீபாவில் உள்ள கன அயனி முடுக்கியில் பல நாடுகளின் வில்லைகளை ஒரே கற்றையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மட்ரோஷ்கா சோதனை இன்னும் ஒரு படி போனது. 2004-இல் ஆயிரக்கணக்கான வில்லைகளை உள்ளே அடுக்கிய மனித உருவப் பொம்மை ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் கட்டிவைக்கப்பட்டது. 2005 வரை அங்கே இருந்தது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு வில்லையையும் படித்தார்கள். விண்வெளி நடையின்போது மார்பில் அணியும் அளவியை மட்டும் நம்பினால், உள்ளுறுப்புகள் வாங்கும் உண்மையான டோஸைவிட 200 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கணக்கு வரும் என்று தெரிந்தது. நிலையத்துக்கு உள்ளே இருக்கும்போது அந்தப் பிழை 15 சதவீதத்துக்குள் அடங்கியது. வெளியே தோலோடு நின்றுவிடும் மெலிந்த எலக்ட்ரான்களை அளவி முழுமூச்சாக எண்ணுகிறது. ஈரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அவை போய்ச் சேர்வதில்லை. 2022-இல் ஆர்ட்டிமிஸ்-1 கலத்தில் நிலாவைச் சுற்றிவந்த ஹெல்கா, ஸோஹர் என்ற இரண்டு பெண் உருவப் பொம்மைகளும் இதே பாடத்தைப் படிக்கப் போனவை.

பேட்ஜே அணியாதவர்களுக்கு நேர்ந்ததைக் கணக்கிட்டது இந்த ஒளிர்வின் மிகத் துயரமான பயன்பாடு. 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்தது நியூட்ரானும் காமாவும் கலந்த கதிர்வீச்சு. எவ்வளவு விழுந்தது என்பதை வீட்டுக் கூரை ஓடுகளும் செங்கற்களும் தமக்குள் பதித்துவைத்திருந்தன. சூளையில் சுட்டபோது ஓட்டில் உள்ள குவார்ட்ஸ் மணிகளின் நினைவு துடைக்கப்பட்டது. அதன்பின் மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சும், பிறகு ஒரே காலைப்பொழுதில் குண்டின் காமாவும் அதில் சேர்ந்தன. குவார்ட்ஸில் சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டுமே. நியூட்ரானை அது அநேகமாகக் கவனிப்பதில்லை. 1960-களிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓடுகளைச் சேகரித்து, இயற்கைப் பங்கைக் கழித்து, குண்டுவெடிப்புக்குப் பின் எழுந்த தீயில் சூடேறி நினைவு அழிந்த ஓடுகளை ஒதுக்கி, தூரத்துக்கேற்ப காமாவின் அளவை எழுதிவைத்தார்கள்.

நியூட்ரானுக்கு வேறு சாட்சிகள் தேவைப்பட்டன. இரும்புக் கம்பியில் பிறந்த கோபால்ட்-60, கல்லில் பிறந்த யூரோப்பியம்-152, செப்புக் கம்பியில் பிறந்த நிக்கல்-63 என்று ஒவ்வொன்றாக அவை கூண்டேறின. காமாவில் ஓடுகள் காட்டிய அளவும் குண்டைப் பற்றிய கோட்பாட்டுக் கணக்கும் ஓரளவு ஒத்துப்போயின. ஹிரோஷிமாவில் தொலைவான இடங்களின் நியூட்ரானில் மட்டும் பல ஆண்டுகள் முரண் நீடித்தது. 2002-ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய டி.எஸ்.02 மறுமதிப்பீடு, தொலைவில் எடுத்த பழைய நியூட்ரான் அளவீடுகளில் பின்னணிக் கதிர்வீச்சு கலந்துவிட்டிருந்ததைக் காட்டி அந்த முரணைப் பெரிதும் தீர்த்தது. ஹிரோஷிமா குண்டு வெடித்த உயரம் 580 மீட்டரிலிருந்து 600 மீட்டராகவும், ஆற்றல் 15 கிலோ டன்னிலிருந்து 16 கிலோ டன்னாகவும் திருத்தப்பட்டன. கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு இன்று உலகெங்கும் விதிக்கப்படும் வரம்புகளுக்கு, உயிர் தப்பியவர்களின் அந்த டோஸ் கணக்கு முதன்மையான ஆதாரம். இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் அந்தக் கூரை ஓடுகளும் இருக்கின்றன.

கல்பாக்கத்தில் உள்ளதுபோன்ற கனநீர் உலைகளில் வேலை பார்ப்பவரின் பேட்ஜைச் சுற்றி இன்னொரு கதிரும் இருக்கிறது. கனநீரில் உள்ள டியூட்டீரியம் நியூட்ரானை வாங்கி டிரிட்டியமாகிறது. அது விடும் பீட்டாவின் உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட். தண்ணீரில் ஆறு மைக்ரோமீட்டருக்கு மேல் போகாது. தோலின் இறந்த அடுக்கைக்கூடத் தாண்டாத அது பேட்ஜின் உறைக்குள் நுழைவதே இல்லை. மூன்று வில்லைகளும் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் டிரிட்டியம் கலந்த நீராவியை மூச்சில் இழுத்தாலோ தோல் வழியாக உறிஞ்சினாலோ, உடம்பின் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து எல்லாத் திசுக்களுக்கும் போகும்; பாதி வெளியேறவே பத்து நாள் ஆகும். அதனால் அங்கே வேலை செய்பவர் பேட்ஜை மாட்டிக்கொள்வதோடு, குறித்த நாளில் சிறுநீர் மாதிரியும் ஒரு புட்டியில் கொடுக்கிறார். ஆய்வகம் அதில் சிறிதளவு எடுத்து, பீட்டா பட்டால் மின்னும் திரவத்தோடு கலந்து, இருட்டறைக் கருவியில் வைத்து மினுக்குகளை எண்ணுகிறது. வில்லைகள் தந்த எண்ணும் புட்டி தந்த எண்ணும் அவர் பெயருக்கு நேரே, ஒன்றோடொன்று கூட்டி எழுதப்படுகின்றன.